உங்கள் முதல் இரும்புத் தலைக்கவசம்: ஐரோப்பிய இடைக்காலப் பாணியில் செய்ய ஒரு வழிகாட்டி

கூம்பு வடிவ இரும்புத் தலைக்கவசம் என்றதும் பலர் ஒரே தகட்டை எடுத்துக் குழியடிக்க, அதாவது மரக்குழியில் வைத்துச் சுத்தியலால் கிண்ணம்போல் குவிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓல்முட்ஸ் கவசம் அப்படி ஒரே துண்டில் எழுப்பியதுதான். ஆனால் அது பழகிய கையின் வேலை. முதன்முறை அதைத் தொட்டால், முப்பது மணி நேரம் அடித்த பிறகு உச்சியில் ஒரு விரிசல் விழும். மொத்தத் தகடும் காயலான் கடைக்குப் போகும்.

முதல் கவசத்தைப் பட்டைச் சட்டம் போட்டுச் செய்யுங்கள். நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை, மூக்கிலிருந்து பிடரி வரை ஒன்று (நெடும்பட்டை), காதுப்பக்கம் இரண்டு, இடையில் நான்கு முக்கோணத் தகடுகள். எல்லாம் ரிவிட்டில் நிற்கும், வெல்டிங் தேவையில்லை. இது சோம்பேறிகளுக்கான குறுக்குவழியும் அல்ல. 1982இல் யார்க் நகரில் கிடைத்த 8ஆம் நூற்றாண்டு காப்பர்கேட் கவசமும், 1943இல் நார்வேயில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டு யெர்முண்ட்பூ கவசமும் இந்தச் சட்டத்தில்தான் நிற்கின்றன. ஒரு தகடு கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி வெட்டிக்கொள்ளலாம்.

கீழே உள்ள அளவுகள் 58 செ.மீ. சுற்றளவுள்ள தலைக்கு. உங்கள் தலைக்குக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள், அளவை அப்படியே எடுக்காதீர்கள்.

1. தகடு வாங்கும் முன் தாள் வேலை

கவசம் எதற்கு? அலமாரியில் வைக்கவா, வரலாற்று மீள்நிகழ்த்தல் குழுவில் (பழங்கால உடையில் வரலாற்றை நடித்துக் காட்டுபவர்கள்) அணியவா, அடி வாங்கவா? தகட்டின் தடிமன், முகத் திறப்பு, உள்பஞ்சு எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்தவை.

அடி வாங்கும் விளையாட்டு என்றால் குழுவின் விதிப்புத்தகத்தின் நடப்புப் பதிப்பை இறக்கி, தலைக்கவசப் பகுதியை அச்செடுத்துப் பட்டறையில் ஒட்டுங்கள். உதாரணமாக, 1966இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய எஸ்.சி.ஏ. என்ற இடைக்கால மீள்நிகழ்த்தல் அமைப்பின் கனரகச் சண்டையில் (கவசத்தோடு நிஜமாக அடித்துக்கொள்ளும் பிரிவில்) 1.6 மி.மீ.க்குக் குறைந்த எஃகு செல்லாது. முகக் கம்பிகளுக்கு நடுவே 1 அங்குல விட்டமுள்ள கட்டை நுழையக் கூடாது. ஆகவே மூக்குப் பட்டை மட்டும் உள்ள திறந்த கவசம் அங்கே களத்துக்குள் போகாது. முகக் கம்பிக்கூடு சேர்க்க வேண்டும். இதைக் கவசம் முடிந்த பிறகு தெரிந்துகொண்டு, மெருகேற்றிய பட்டையில் புதிதாகத் துளை போடுபவர்கள் ஏராளம்.

மீள்நிகழ்த்தல் குழு என்றால் வேறொரு தாள் கேட்பார்கள்: இந்த வடிவம் எந்த நூற்றாண்டு, எந்த ஊர், எந்த அசல் பொருளையோ சித்திரத்தையோ பார்த்துச் செய்தது என்ற சான்றுத் தாள். ஒரு பக்கம் போதும். அசலின் படம், கிடைத்த இடம், இப்போது இருக்கும் அருங்காட்சியகம், நீங்கள் மாற்றிய இடங்கள். கொம்பு வைக்க ஆசை இருந்தால் இந்தத் தாளை எழுதும்போதே தீர்ந்துவிடும். வைக்கிங் கால அசல் எதிலும் கொம்பு இல்லை.

இத்துடன் மூன்றைச் சேர்த்து வையுங்கள்: தகடு வாங்கிய பில், கோர்ப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டின் தடிமனையும் கேலிப்பரில் வைத்து எடுத்த படம், ரிவிட் அடிக்கும் முன் உட்புறத்தின் படம். கோர்த்த பிறகு உள்தகட்டின் தடிமனை யாராலும் எளிதில் அளக்க முடியாது. குழுவில் கவசத்தைச் சோதிக்கும் பரிசோதகர் சந்தேகப்பட்டால் இந்தப் படங்கள்தான் பேசும்.

இந்தியாவில் செய்து வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதிக்கான அரசு எண்) வேண்டும். கட்டணம் 500 ரூபாய், விண்ணப்பம் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் (டி.ஜி.எஃப்.டி.) இணையதளத்தில். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் எண் முடங்கும். இன்னொன்று: இது இருசக்கர வாகன ஹெல்மெட் அல்ல. ஐ.எஸ். 4151 முத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வண்டியில் போட்டுக்கொண்டு போய் யாரிடமும் வாதாடாதீர்கள்.

2. தலையை அளப்பது

புருவத்துக்கு ஒரு விரல் மேலே நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுங்கள். பிறகு இரண்டு புத்தகங்களைத் தலையின் இருபுறமும் நிறுத்தி, இடையே உள்ள அகலத்தை அளங்கள். அதே மாதிரி முன்பின் நீளம். 58 செ.மீ. தலைக்கு நீளம் ஏறக்குறைய 203 மி.மீ., அகலம் 165 மி.மீ. இருக்கும்.

இந்த இரண்டாவது அளவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தலை வட்டமல்ல. வட்டமாகச் செய்த கவசம் காதுப்பக்கம் தொளதொளவென்று ஆடும், நெற்றியையும் பிடரியையும் நெரிக்கும். பஞ்சு அடைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

இப்போது கணக்கு. சுற்றிலும் 15 மி.மீ. பஞ்சு. ஆகவே உள்சுற்றளவு: 580 + (2 × 3.14 × 15) = 674 மி.மீ. நெற்றிப் பட்டை வெளிப்புறம், அதற்குள்ளே நெடும்பட்டை. வெளியே இருக்கும் பட்டை நீளமாக இருந்தாக வேண்டும். 1.6 மி.மீ. தகட்டில் இதற்கு மட்டும் 15 மி.மீ. கூடும். 674 + 15 = 689, பட்டையின் இரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் மேற்படிவுக்கு 30, ஆக 720 மி.மீ. இந்த 15 மி.மீ.ஐ மறந்தால் பட்டை பின்னால் கூடாது. இழுத்துப் பிடித்து ரிவிட் போட்டால் உள்ளே இருக்கும் பஞ்சின் இடம் போய்விடும்.

உயரம்: பட்டையின் கீழ் விளிம்பிலிருந்து உச்சி உட்புறம் வரை 160 மி.மீ. மண்டை உச்சிக்கும் இரும்புக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ. நிற்கட்டும்.

3. அட்டையில் முழுக் கவசம்

காலண்டர் அட்டை, ஸ்டேப்ளர், டேப். முழுக் கவசத்தையும் அட்டையில் செய்து, உள்ளே 15 மி.மீ. ஸ்பாஞ்ச் ஒட்டி, தலையில் போட்டுக் குனிந்து நிமிர்ந்து பாருங்கள். ஒரு முழு நாள் ஆகும். இரும்பில் அந்த நாளைச் சேமிக்கப் பார்த்தால் ஒரு வாரம் போகும்.

துண்டுகளின் தொடக்க அளவு:

நெடும்பட்டை, மூக்குப் பகுதியுடன் ஒரே துண்டாக 520 மி.மீ. நீளம். தலைமேல் 40 அகலம், மூக்குப் பகுதிக்கு 60 அகலம் விட்டுப் பிறகு செதுக்கிக்கொள்ளலாம்.

பக்கப் பட்டைகள் இரண்டு, தலா 215 × 40. உச்சியில் இவை நெடும்பட்டைக்கு அடியில் நுழையும்.

முக்கோணத் தகடு நான்கு. அடி அகலம் 160, உயரம் 175, பக்கங்கள் வில்லாக வெளியே பிதுங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு விளிம்பும் பட்டைக்கு அடியில் 15 மி.மீ. நுழைகிறது. கீழ் மூலைகள் இரண்டையும் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் அங்கே மூன்று தகடு ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பட்டை தூக்கும்.

நெற்றிப் பட்டையில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதை நேர்க்கோட்டில் வெட்டாதீர்கள். கவசம் மேலே போகப் போக உள்வாங்குகிறது; 40 மி.மீ. மேலே அதன் சுற்றளவு ஏறக்குறைய 20 மி.மீ. குறைந்திருக்கும். நேர்ப் பட்டை போட்டால் மேல் விளிம்பு சுற்றிலும் 3 மி.மீ. விலகி நிற்கும், ரிவிட் அடித்தால் அலையலையாக நெளியும். இதற்கு ஒரு நூலும் ஆணியும் போதும். 1.25 மீட்டர் நூலில் ஒரு வளைவு, அதே மையத்திலிருந்து 1.21 மீட்டரில் இன்னொரு வளைவு வரையுங்கள். பெரிய வளைவு கீழ் விளிம்பு, சிறியது மேல் விளிம்பு. இந்த இரண்டுக்கும் இடையில் 720 மி.மீ. நீளத்தை வெட்டினால், சுருட்டும்போது தானாகவே கூம்பாக உள்சாயும். தரையில் சாக்பீஸால் வரைந்து அட்டைக்கு மாற்றுவது எளிது.

4. தகடு

கேட்க வேண்டியது சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகடு), 1.6 மி.மீ. அலமாரிக்கு மட்டும் என்றால் 1.2 போதும், முழு அடி வாங்கும் சண்டைக்கு 2 மி.மீ. எடுங்கள். முதல் கவசத்துக்கு 2 மி.மீ. கையை ஒடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேஜ் எனப்படும் தடிமன் எண்ணில் பேசாதீர்கள். பிரிட்டிஷ் கணக்கில் 16 கேஜ் 1.63 மி.மீ.; அமெரிக்கக் கணக்கில் அதே 16 கேஜ் 1.52 மி.மீ. விதி 1.6 கேட்கிறது என்றால் இந்த வித்தியாசம் உங்கள் கவசத்தைத் தள்ளுபடி செய்துவிடும். கேலிப்பரைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே விளிம்பில் அளந்து வாங்குங்கள்.

தரம்: இந்தியாவில் ஐ.எஸ். 513 தரநிலையில் சி.ஆர்.2 அல்லது சி.ஆர்.3. இழுப்புக்கு ஏற்ற இளகிய தகடு, குழியடிக்கும்போது கிழியாது. ஐரோப்பாவில் டி.சி.01 என்று கேளுங்கள். எச்.ஆர். ஷீட்டில் (சூட்டில் உருட்டிய தகடு) கருஞ்செதில் படிந்திருக்கும், அதைத் தேய்த்து எடுப்பதற்குள் பொழுது போய்விடும். ஜி.ஐ., ஜி.பி. எனப்படும் நாகம் பூசிய தகட்டைத் தொடவே வேண்டாம். சூடேற்றினால் வரும் நாகப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்று வாங்குவார்கள். நாலு அடியில் இறுகிக்கொண்டு சுத்தியலோடு மல்லுக்கட்டும்.

தேவை 750 × 400 மி.மீ. துண்டு. எடை ஏறக்குறைய 3.8 கிலோ, இரண்டு தகடு கூடுதலாக வெட்டவும் இடம் இருக்கும். கடையில் எட்டடிக்கு நாலடி முழு ஷீட்தான் கொடுப்பேன் என்பார்கள், அது 37 கிலோ. அதற்குப் பதில் அலமாரி, பீரோ செய்யும் பட்டறையில் வெட்டுத் துண்டு கேளுங்கள். ஷியரிங் மெஷினில் நேராக வெட்டியும் தருவார்கள்.

ரிவிட்: 4 மி.மீ. தடிமன், தட்டைத் தலை, மைல்ட் ஸ்டீல். 10 மி.மீ. நீளத்தில் 50, மூன்று தகடு சேரும் இடங்களுக்கு 12 மி.மீ. நீளத்தில் 10. பாப் ரிவிட் வேண்டாம். உள்ளே பொள்ளல், பக்கவாட்டு அடியில் அறுந்துவிடும். பல குழுக்களில் அதைப் பார்த்ததுமே கவசத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

5. கருவிகளும் செலவும்

குழியடிக்க ஒரு மரக்குத்தி. கறிக்கடைக்காரர் வைத்திருக்கும் புளியமரக் கட்டையைப் போல ரேகை மேல்நோக்கி நிற்பதாக, இடுப்புக்குச் சற்றுக் கீழே உயரம். அதில் 110 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழத்தில் கிண்ணம்போல் குழி செதுக்குங்கள்.

சுத்தியல் இரண்டு. குழியடிக்க உருண்டை முகம் கொண்ட 1 கிலோ பால்பீன்; தட்டிச் சமன்செய்ய 400 கிராமில் லேசாகக் குவிந்த முகம். முகத்தைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றிக்கொள்ளுங்கள். சுத்தியல் முகத்தில் இருக்கும் ஒவ்வொரு வடுவும் தகட்டில் ஆயிரம் முறை பதியும்.

உருண்டைத் தலைப் பட்டடைக்கு விளையாட்டுக் கடையில் கிடைக்கும் குண்டு எறிதல் குண்டை ஒரு தடித்த கம்பியில் வெல்ட் செய்து வைஸில் பிடிக்கலாம். ஆனால் முழு வார்ப்பிரும்புக் குண்டுதானா என்று உறுதிசெய்யுங்கள். சிலவற்றின் உள்ளே ஈயம் இருக்கும். அதை வெல்டிங்கில் சூடாக்குவது உயிரோடு விளையாடுவது.

மற்றவை: 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், டிரில், பெஞ்ச் வைஸ், அரம், சென்டர் பஞ்ச், சி-கிளாம்ப் நான்கு, எம்4 போல்ட்-நட் இருபது, கண் கண்ணாடி, காதடைப்பு. டிரில் ஓடும்போது மட்டும் கையுறை போடாதீர்கள், பிட்டில் சுற்றிக்கொண்டு விரலை இழுக்கும்.

தோராயமான செலவு, தமிழ்நாட்டுச் சில்லறை விலையில்: தகடு, ரிவிட், டிஸ்க், தோல், துணி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி வரும். கருவி ஒன்றுமே இல்லாதவருக்கு அதற்குமேல் எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆகும். இதில் தகட்டின் பங்கு மிகச் சிறியது. ஆகவே அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நேரம்: புதியவருக்கு 35 முதல் 40 மணி. சனி, ஞாயிறு மட்டும் என்றால் ஐந்தாறு வாரம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைவிடக் கூட்டிக்கொள்ளுங்கள், மதியத் தூக்க நேரத்தில் அடிக்க விடமாட்டார்கள்.

6. வெட்டி, சட்டத்தை முதலில் நிறுத்துங்கள்

அட்டையைத் தகட்டில் வைத்துக் கூரான ஊசியால் கீறுங்கள். மார்க்கர் கோடு 1 மி.மீ. தடிமன்; நான்கு துண்டில் அது 4 மி.மீ. ஆகிவிடும். 1 மி.மீ. கட்டிங் வீலில் கோட்டுக்கு வெளியே வெட்டி, மீதியை அரத்தில் எடுங்கள். வெட்டியவுடனே எல்லா விளிம்பின் பிசிறையும் அகற்றுங்கள். பிசிறிலிருந்துதான் விரிசல் தொடங்கும். கை கிழிவதும் அதில்தான்.

தகடுகளை அடிக்கும் முன் சட்டத்தை வளைத்துவிடுங்கள். தகட்டைச் சட்டத்துக்கு ஏற்ப மாற்றுவது எளிது. சட்டத்தைத் தகட்டுக்கு ஏற்ப மாற்றுவது முடியாத காரியம்.

நெற்றிப் பட்டையைத் தண்ணீர்க் குழாய்மேல் வைத்துக் கையாலும் மரச் சுத்தியலாலும் சிறிது சிறிதாகச் சுருட்டுங்கள். முதலில் வட்டமாகவே வரட்டும். பிறகு இருபக்கமும் அழுத்தி நீள்வட்டமாக்குங்கள். நெடும்பட்டை உள்ளே வருவதால் உள்அளவு 236 × 198 மி.மீ. வர வேண்டும். மேற்படிவு பிடரியில் வரட்டும்.

நெடும்பட்டையை அட்டை மாதிரியின் வளைவுக்கு வளையுங்கள். அகல வாக்கிலும் அதற்கு லேசான குவிவு வேண்டும். மரக்குழியின் ஓரத்தில் வைத்து நீளம் முழுக்க ஒரு வரிசை தட்டினால் வந்துவிடும். அந்தக் குவிவு இல்லாத பட்டை, ஒரு அடியில் நசுங்கும்.

மூக்குப் பகுதி 25 முதல் 30 மி.மீ. அகலம், நுனி சற்று விரிந்து. பட்டைக்குக் கீழே 60 மி.மீ. தொங்கினால் போதும். அதை வெளிப்புறம் தள்ளி வளையுங்கள், மூக்குக்கும் இரும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையட்டும்.

7. தகடுகளைக் குழியடிப்பது

1.6 மி.மீ. தகட்டுக்கு உலை வேண்டாம், குளிர்ந்த நிலையிலேயே அடிக்கலாம்.

நடுவிலிருந்து தொடங்காதீர்கள். விளிம்பிலிருந்து 15 மி.மீ. உள்ளே தொடங்கி, விளிம்புக்கு இணையாகச் சுற்று சுற்றாக நடுவை நோக்கிப் போங்கள். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைப் பாதி மூட வேண்டும். சுத்தியலை நகர்த்தாமல் தகட்டை நகர்த்துங்கள். சுத்தியல் குழியின் நடுவில் ஒரே இடத்தில் விழட்டும். ஒரு சுற்று முடிந்ததும் அட்டை வளைவை வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு சுற்றில் வடிவம் பிடிபடும். நடுவில் போட்டு மொத்தினால் அங்கே தகடு 1 மி.மீ.க்கும் கீழே மெலிந்துவிடும். அடி விழப்போகும் இடமும் அதுதான்.

இரண்டாவது சுற்றில் விளிம்பு ஓலைக் கொட்டான் வாய்மாதிரி நெளியத் தொடங்கும். பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். நெளிவு உப்பிய பக்கம் மேலே இருக்கும்படி கட்டையின் சமதளத்தில் வைத்து அப்போதே தட்டி அடக்குங்கள். வளரவிட்டு அது மடிந்து தன்மேல் தானே படுத்துவிட்டால், பிறகு நிமிர்த்தும்போது அந்தக் கோட்டில் பிளக்கும். அந்தத் தகடு போனதுதான்.

தகடு இறுகி, சுத்தியல் துள்ளத் தொடங்கினால் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சிச் சாம்பலில் புதைத்துத் தானாக ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்காதீர்கள். எண்ணெயில் முக்கினால் உறுதி ஏறும் என்ற பேச்சும் இந்தத் தகட்டுக்குப் பொருந்தாது. பதம் ஏறும் அளவுக்கு இதில் கரி இல்லை.

ஒரு தகட்டுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம். நான்கையும் அடுத்தடுத்து ஒரே நாளில் அடிக்காதீர்கள். நான்காவது தகட்டில் கை சோர்வு அப்படியே தெரியும்.

8. தட்டிச் சமன்செய்தல்

குழியடித்த தகடு மேடும் பள்ளமுமாக இருக்கும். உட்புறத்தை உருண்டைப் பட்டடைமேல் வைத்து, வெளிப்புறத்தில் சிறிய சுத்தியலால் மணிக்கட்டின் பலத்தில் மட்டும் தட்டுங்கள். இதைக் கண்ணால் செய்ய முடியாது, காதால் செய்ய வேண்டும். தகடு பட்டடையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் 'கணீர்' என்று கேட்கும். தொடாத இடத்தில் 'டொப்' என்று மங்கும். 'டொப்' என்ற இடத்தில் அடித்தால் புதுப் பள்ளம் விழும். கணீர் வரும்வரை தகட்டை உருட்டி, பிறகு தட்டுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் மீந்த மேடுகள் நிழலாகத் தெரியும்.

9. துளை, போல்ட், பிறகே ரிவிட்

தட்டையாக இருக்கும்போதே எல்லாத் துளையும் போட்டுவிட்டு வளைக்கலாம் என்று தோன்றும். வளைந்ததும் ஒன்றும் ஒன்றோடு நேர்படாது. வெளித் தகடும் உள்தகடும் வேறு வேறு ஆரத்தில் வளைகின்றன.

வெளித்துண்டில் மட்டும் முதலில் துளை: விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே, இரண்டு துளைக்கு நடுவே 50 முதல் 55 மி.மீ. முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 4.1. அடுத்து எல்லாவற்றையும் சி-கிளாம்பில் பிடித்து, முன்நெற்றி நடுவில் ஒரே ஒரு துளையை உள்தகடுவரை ஓட்டி, எம்4 போல்ட் போடுங்கள். அதன்பின் பிடரி நடுவில் ஒன்று, பிறகு இரண்டு பக்கங்கள், பிறகு உச்சி. எட்டு பத்து போல்ட்டில் முழுக் கவசமும் நிற்கும். தலையில் பஞ்சோடு போட்டுப் பாருங்கள். ஆடுகிறதா, புருவத்தில் இடிக்கிறதா, உள்ளங்கையால் உச்சியை அழுத்தினால் மூக்குப் பட்டை மூக்கைத் தொடுகிறதா? திருத்த வேண்டியதை இங்கேயே திருத்துங்கள்.

ரிவிட் போடும் முன் இன்னும் ஒரு வேலை: நெற்றிப் பட்டையின் கீழ் விளிம்பில், 25 மி.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. துளைகள், சுற்றிலும் 27 வரும். உள்பஞ்சைத் தைக்க இவை வேண்டும். மறந்துவிட்டால் பின்னால் பசையைத் தேட வேண்டிவரும். வியர்வையில் பசை நிற்காது.

ரிவிட்டின் தட்டைத் தலை உள்ளே, அடித்து விரிக்கும் முனை வெளியே. கவசத்தை உருண்டைப் பட்டடைமேல் கவிழ்த்து, தலை அதில் அமர்ந்திருக்க வெளியிலிருந்து அடிக்கலாம். சுத்தியல் வீச இடம் தாராளம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை 5 முதல் 6 மி.மீ. இருக்க வேண்டும். கூடினால் சாய்ந்து படுக்கும். குறைந்தால் தலை மெலியும். ஒவ்வொன்றையும் அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு அடி நேராகவும் கனமாகவும் விழட்டும், துளைக்குள் ரிவிட் பருத்து அடைக்கும். பிறகு பால்பீன் முனையால் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டிக் குமிழாக்குங்கள். ஒரு போல்ட்டைக் கழற்றி அந்த இடத்தில் ரிவிட், பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒன்று. எல்லாப் போல்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் சட்டம் நகர்ந்துவிடும். மொத்தம் நாற்பதுக்குச் சற்று மேலே வரும்.

கோணலாகப் போன ரிவிட்டைத் திரும்பத் திரும்ப அடித்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். தலையை அரைத்து எடுத்து, தட்டி வெளியேற்றி, புதிது போடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

10. மெருகும் துருவும்

கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க்கை மாட்டிக் குவிந்த தகட்டைத் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் மேடு மின்னும், தடிமன் காணாமல் போகும். டிஸ்க்கை விளிம்புக்கும் ரிவிட் பிசிறுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கையில், எமரித் தாள் 120, 240, 400 வரிசையில்.

கருப்பு மெருகு வேண்டுமென்றால் கவசத்தைச் சூடேற்றி ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகப் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் மெருகேற்றிய அன்றே மெழுகு பூசிவிடுங்கள். விரல் பட்ட இடம் மறுநாள் காலையில் ரேகையோடு துருவாக நிற்கும்.

11. உள்பஞ்சும் தாடைப் பட்டையும்

பருத்தி அல்லது லினன் துணியில் கம்பளியோ பஞ்சோ அடைத்து, மெத்தை தைப்பதுபோல வரிவரியாகத் தைத்த தொப்பி. சாதாரண ஸ்பாஞ்ச் அடியில் தட்டையாகிவிடும், அதனால் பயனில்லை. சண்டைக் குழுவானால் விதியில் சொன்ன தடிமனுக்கு அடர்நுரை போடுங்கள், துணியை அதன்மேல் மூடலாம்.

தாடைப் பட்டைக்கு 20 மி.மீ. அகலத் தோல். ஆவாரம்பட்டைபோல மரப்பட்டையில் பதப்படுத்திய தோல் இழுபடாமல் நிற்கும். ஆனால் அது வெறும் இரும்பைத் தொட்டால் தோலும் இரும்பும் சேர்ந்து கறுக்கும். படும் இடத்தில் மெழுகு தடவிய பிறகு மாட்டுங்கள். காதுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இருபுறமும் இரண்டிரண்டு முனையில் பிடிக்கும் 'ஒய்' வடிவப் பட்டையே வேண்டும். இரண்டே முனையில் பிடித்தால், பின்னால் ஓர் அடி விழுந்ததும் கவசம் முன்னே உருண்டு கண்ணை மறைக்கும்.

மாட்டி, இறுக்கி, இன்னொருவரை இரு கையாலும் பிடித்துத் திருகச் சொல்லுங்கள். கவசம் திரும்பும்போது தலையும் கூடவே திரும்ப வேண்டும்.

12. பரிசோதனைக்குப் போகும்போது

விதித் தாள், சான்றுத் தாள், பில், தடிமன் படங்கள் ஒரு உறையில். ரிவிட் பத்தும் ஒரு சிறு சுத்தியலும் பையில். விமானத்தில் போனால் செக்-இன் பெட்டியில் வையுங்கள், உள்ளே துணியைத் திணித்து, மூக்குப் பட்டைக்கு அட்டை கட்டி. அடி வாங்கிய ஒவ்வொரு நாள் முடிவிலும் கவசத்தைக் காதருகே வைத்து விரல் நகத்தால் ஒவ்வொரு ரிவிட்டாகச் சுண்டிப் பாருங்கள். தளர்ந்தது மட்டும் கிலுங்கும். அதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.